அப்பத்தை வாங்கிய பிறகு

போன மாதம் சபைக் கமிட்டியில் இருக்கும் இளவட்டங்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார்கள். கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அச்சடித்து வாசலில் வைத்துவிடுவார்களாம். "ஆன்ட்டி, உங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படி" என்று ஐஸ் வைத்தார்கள். இந்த வயதில் இதற்கெல்லாம் மயங்கக் கூடாது என்று நினைப்பேன். மயங்கிவிடுகிறேன்.

எழுத உட்கார்ந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டால் நல்லது, போடாவிட்டாலும் யாரும் அடிக்க மாட்டார்கள். பாட்டுக்கு நிற்க வேண்டும், வேதம் வாசிக்கும்போது உட்கார வேண்டும், அதிலும் சுவிசேஷம் வாசித்தால் நிற்க வேண்டும், பாவ அறிக்கைக்கு முழங்காலிட வேண்டும். என்னோடு இந்தக் கோயிலில் வளர்ந்த உங்களில் பாதிப் பேருக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. முன் பெஞ்சில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு முழங்காலிட்டதாகப் பேர் பண்ணுகிறீர்கள். அப்படியும் செய்யலாம் என்று எழுதினேன். வேகமாக வந்துகொண்டிருந்தவள், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் நான் ஏற்கெனவே ஒருத்திக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள். இத்தனை வருடமாக அதை உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. நம் ஆம்பூர்க் கோயில் மணியில் விரிசல் விட்டு, வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தார்களே, அந்த மழைக்காலம். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த ஒரு மாமா அந்தத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அடித்தால் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும். நாமெல்லாம் பாதி ஜெபத்தில் எழுந்து ஓடப் பார்ப்போம்.

என் அப்பா அந்த நாளில் சபையின் செயலாளர். தெருவில் போனால்கூட "செக்ரட்டரி" என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை ஒரு தோல் கம்பெனி ஆபீசில். கமிட்டித் தீர்மானத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறவர். பொய் சொல்ல மாட்டார், சொன்னவர்களை விடவும் மாட்டார். அம்மா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். விடியற்காலைப் பாசஞ்சரில் போய் மத்தியானம் திரும்புவார். முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டியூட்டி இருக்கும். அதனால் நான் பெண்கள் பெஞ்சில் உட்காராமல், பலிபீடத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு விரித்திருக்கும் கோரைப்பாயில் உட்காருவேன்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அக்கா வந்து நின்றாள். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் மழைக்குப் போடும் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. தோல் பதனிடும் டேனரியின் வாடை அவளோடு வந்தது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வாடையே இல்லை என்று வெளியூரில் சொல்லிக்கொள்வோம். நம் வீட்டு வாசலுக்கு அது வந்தால் மட்டும் மூக்கைச் சுளிப்போம்.

"சார், எங்க வூட்டுக்காரரு உங்க கோயில் ஆளு சார். குடியாத்தம் பக்கம். சின்ன வயசுல அங்க அப்பம் வாங்கினவரு. இப்ப நெஞ்சு சளியில படுத்துட்டாரு. ஐயரு ஒரு தபா வந்து அந்த அப்பத்தைக் குடுத்துட்டுப் போனா போதும்னு கேக்கறாரு."

நம் பக்கம் சபைப் போதகரைத்தான் ஐயர் என்போம். கோயிலுக்கு வர முடியாத நோயாளியின் வீட்டுக்கு ஐயரே அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லா இடத்திலும் இருக்கும் வழக்கம்தான்.

"நீ எந்த சபைம்மா?" என்றார் அப்பா.

"நான் ஒண்ணும் இல்ல சார். மாரியம்மன் கோயிலுக்குப் போறவ."

"அவரு எத்தினி வருஷமா கோயிலுக்கு வர்றதில்ல?"

"என்னைக் கட்டினதுலேர்ந்து சார்."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்கூல் சீட்டுக்காகவும் ஆஸ்பத்திரி வேலைக்காகவும் திடீரென்று பக்தி வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். அந்தக் கணக்கில் இவளையும் சேர்த்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

"இப்படித்தான் நெறைய பேரு வர்றாங்க. மொதல்ல நீ மூணு மாசம் ஞாயித்துக்கிழம தவறாம வா. குடும்பம் கோயிலோட ஒட்டி இருக்குதுன்னு சபைக்குத் தெரியட்டும். அப்புறம் ஐயர்கிட்ட நானே சொல்றேன்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எவ்வளவு நாள் தாங்குவார் என்று அப்பா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள், பட்டுப்புடவைகளைப் பார்த்தாள், நேராக வந்து எங்கள் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் எனக்கு அவள் புது அக்கா. வேலை, டேனரியில் குரோம் போட்ட ஈரத் தோலுக்கு ஓரம் வெட்டுவது. அந்தக் குரோம் மருந்து ஏறி விரல் நுனியும் நகக்கண்ணும் வெளிர் நீலமாக இருக்கும். ஊருக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைத்து அனுப்பும் ஊரில், கோயிலுக்குள் மட்டும் எல்லோரும் வெறுங்கால் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வேதம் வாசிக்கும் பித்தளைப் பருந்து உங்களுக்கு நினைவிருக்கிறதா? இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, முதுகில் பெரிய புத்தகத்தைத் தாங்கிக்கொண்டு நிற்குமே. இப்போது அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. புது அக்கா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கருடன் உங்க கோயில்லயும் இருக்குதா பாப்பா?"

"அது கருடன் இல்லக்கா. அது புஸ்தகத்துக்குக் காவல். யாராச்சும் எடுத்தா கொத்தும்."

எனக்கு அந்தப் பருந்து ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியாது. ஆனால் தெரியாது என்ற சொல் அப்போது என் வாயில் வந்ததே இல்லை. செக்ரட்டரி மகள் அல்லவா. ஒரு பெரிய மனுஷி என்னைப் பார்த்துக் கேட்கிறாள், நான் சொல்வதை அப்படியே நம்புகிறாள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

இரண்டே வாரத்தில் அவளைத் தயார் செய்துவிட்டேன். முழங்கையில் இடித்தால் எழுந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்தால் உட்கார வேண்டும். பாதத்தில் கிள்ளினால் முழங்காலிட வேண்டும். ஐயர் ஒன்று சொல்ல சபை ஒன்று சொல்லும் இடங்களில் அவள் வாயை மட்டும் அசைக்கப் பழகினாள். சுவரில் தொங்கும் பலகையில் அன்றைய பாட்டு எண்களை அட்டை அட்டையாகச் செருகியிருப்பார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எண்ணைப் பார்த்து என் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டி வைப்பாள். நீளமான கம்பில் சிவப்பு வெல்வெட் பை கட்டிக் காணிக்கை எடுக்க வருவார்களே, அதற்கு மட்டும் பயந்தாள். முதல் தடவை தலையைக் குனிந்து பையைக் கும்பிட்டாள். பாயே சிரித்தது. நானும்தான்.

சமாதானம் கொடுக்கும் இடம் அவளுக்குப் பிடித்த இடம். ஐயர் பலிபீடத்திலிருந்து ஆரம்பித்து வைப்பார். ஒருவர் கையை மற்றவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வாங்கி, பிறகு அடுத்தவருக்குக் கொடுக்க, பெஞ்சு பெஞ்சாகப் பேச்சில்லாமல் போகும். பெண்கள் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்காரும் தையல் டீச்சர்தான் எங்கள் பாய்க்குத் தர வேண்டும். நீலக் கையைப் பார்த்து விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் கொடுத்தார். டீச்சருடைய தாத்தா சுண்ணாம்புத் தொட்டியில் தோல் மிதித்தவர்தான், என் தாத்தாவும் அப்படித்தான். புது அக்கா அந்த விரல் நுனியையே வாங்கிக்கொண்டு திரும்பி, என் கையை முழுசாகப் பொத்திக் கொடுப்பாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று சூடாக இருக்கும்.

இதற்கிடையில் அப்பாவுக்கு அவள்மேல் ஒரு மனத்தாங்கல். ஞாயிறுதோறும் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து, குனிந்துகொண்டே பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறாள். "பாதியில எழுந்து போறது ஆராதனையா? அந்த வாரமெல்லாம் கணக்குல வராது" என்று வீட்டில் சொன்னார்.

அவள் ஏன் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நம் ஊர் டேனரிகளுக்கு லீவு வெள்ளிக்கிழமை. ஞாயிறு வேலை நாள். அவள் வேலை செய்த டேனரியின் முதலாளி பாய் தாராளமாகத்தான் விட்டார்.

"'கோயிலுக்குத்தானே போற, போய்ட்டு வா. பதினோரு மணிக்கு மேல ஆனா மேஸ்திரி பேஜார் பண்ணுவான்'னு சொன்னாரு பாப்பா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பாலாற்று ஓரம்வரை அவள் நடக்க வேண்டும். அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தோல் கம்பெனியிலேயே வேலை பார்த்த மனிதருக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஆபீஸ்காரர்களுக்கு ஞாயிறு லீவு உண்டு.

திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும். திடப்படுத்தல் சடங்கு முடித்துச் சபையில் முழு உறுப்பினரான பெரியவர்கள் எழுந்து போய், பலிபீடத்தின் முன்னால் இருக்கும் மரக் கிராதியில் வரிசையாக முழங்காலிடுவார்கள். நாமெல்லாம் பாயிலேயே இருக்க வேண்டும். இரண்டு முதல் ஞாயிறுகளில் புது அக்காவும் எங்களோடு பாயிலேயே உட்கார்ந்து, அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸ் வந்து போனது. வர்ணத்தாள் நட்சத்திரம் மழையில் நனைந்து சாயம் ஓடித் தொங்கியது. அக்கா இளைத்திருந்தாள்.

புது வருடத்தின் முதல் ஞாயிறு. அன்று அவள் கண் சிவந்திருந்தது, இடித்தபோதெல்லாம் தாமதமாகவே எழுந்தாள். பெரியவர்கள் கிராதிக்குப் போவதற்கு முன் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அந்தச் சத்தத்தில் என் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, வியாழக்கிழமேலேர்ந்து அவரு கஞ்சிகூட எறக்கல. மூணு மாசம் ஆவறதுக்கு இன்னும் எத்தினி வாரம் இருக்குது?"

"நெறைய இருக்குதுக்கா. பாதியில போன வாரமெல்லாம் கணக்குல வராதாம்."

அவள் கிராதியைப் பார்த்தாள்.

"அங்க போய்க் கை நீட்டினா யாருக்குன்னாலும் தருவாரா ஐயரு?"

"தருவாரு." இது உண்மைதான். அந்த ஐயருக்குக் கிட்டப்பார்வை. நீட்டிய கையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

"வாங்கினத வூட்டுக்கு எடுத்துனு போலாமா?"

இதுதான் அந்த இடம். ஆராதனையில் எனக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான். கிராதிவரை நான் போனதே இல்லை. பாயிலிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். வாங்கியதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. தெரியாதுக்கா என்று சொல்லியிருக்கலாம். தையல் டீச்சரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"போலாங்க்கா. முந்தானைல முடிஞ்சுக்கணும்" என்றேன்.

முந்தானை என் சொந்தச் சரக்கு. கோயிலில் விபூதி குங்குமம் வாங்கினால் அவள் எப்படியும் அப்படித்தானே கொண்டுபோவாள் என்று என் புத்திக்குப் பட்டது.

போனாள். தையல் டீச்சருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். ஐயர் வட்டமான மெல்லிய அப்பத்தைக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். திராட்சரசக் கிண்ணம் வருவதற்குள் எழுந்து, கையை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டாள். முகம் தெளிந்திருந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. என்னால் ஒரு காரியம் நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

வழக்கம்போல் பாதியில் போயிருந்தால் தப்பித்திருப்பாள். அன்று மட்டும் கடைசி ஆசீர்வாதம்வரை இருந்தாள். இவ்வளவு பெரியதை வாங்கிக்கொண்டு சொல்லாமல் எழுந்து போகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. தையல் டீச்சர் அதற்குள் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

பக்கவாசலில், செருப்புக் குவியலுக்கு நடுவில் அப்பா அவளை நிறுத்தினார். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து என் செருப்பு வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

"முந்தானைல இன்னா முடிஞ்சு வச்சிருக்க?"

"அப்பம் சார்."

"அத அங்கயே வாயில போட்டுக்கணும். வெளிய எடுத்துனு வரக் கூடாது. மொதல்ல உனக்கு அது கெடையாது. இன்னாத்துக்கு எடுத்த?"

"அவருக்கு சார்."

கூட்டத்தில் யாரோ, "மந்திரிக்கறவன் எவனாச்சும் கேட்டிருப்பான்" என்றார்கள். அக்கா முந்தானை முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எடுத்துனு போலாம்னு யார் சொன்னாங்க?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் எடுத்தேன்."

நான் செருப்பு வாரை இன்னொரு தடவை கழற்றினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அவுத்துக் குடு" என்றார் அப்பா.

அவிழ்த்தாள். முடிச்சு சின்னது, நீல விரல்களுக்கு உடனே வரவில்லை. அப்பா கைக்குட்டையை விரித்து அதை வாங்கிக்கொண்டு ஐயரின் அறைக்குப் போனார். ஐயர் அங்கியைக் கழற்றிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிராமத்தில் அவருக்குப் பன்னிரண்டு மணி ஆராதனை. "ஒருத்தங்க சாப்பிடாம வச்சிருந்தாங்க ஐயா" என்று மட்டும் அப்பா சொன்னார். மீந்த அப்பத்தைப் போதகரே உட்கொண்டுவிட வேண்டும் என்பது முறை. ஐயர் வாயில் போட்டுக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாக அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பா திரும்பி வந்து, "இனிமே கமிட்டிதான் முடிவு பண்ணணும்" என்றார். அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு டேனரிக்குப் போனாள். மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

அம்மா மூன்று மணிக்கு வந்தார். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தவரிடம் அப்பா நடந்ததை ஒரு ரிப்போர்ட் மாதிரி சொன்னார். அம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அந்த ஆளு எப்படி இருக்காருன்னு ஒரு தடவ போய்ப் பாத்தீங்களா?"

"மூணு மாசம் ஆவட்டும்னுதான்..."

"எங்க வார்டுல மூச்சு வாங்கினு ஒருத்தன் வந்தா, மூணு மாசம் ஒழுங்கா வந்து காட்டு, அப்புறம் மருந்து தர்றேன்னா சொல்றோம்? ஐயரு இன்னா சொன்னாரு?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஐயரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு, யூனிபார்ம் புடவையோடு ஐயர் வீட்டுக்குப் போனார். ஐயர் அப்போதுதான் கிராமத்திலிருந்து வந்து படுத்திருந்தார். "எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்று எழுந்து, நோயாளிகளுக்குக் கொண்டுபோகும் சின்ன மரப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அக்காவின் வீட்டு அடையாளத்தைக் கேட்டு எழுதி வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். அதனால் அவரும் வர வேண்டியதாயிற்று. என்னை யாரும் வராதே என்று சொல்லவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டி, வரிசையாக ஓட்டு வீடுகள். ஒரே அறை. அக்கா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் நீலம் போகப் புளி போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ஓடிப் பாயை விரித்தாள். அப்பாவுக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் வாங்கி வந்து போட்டாள். அப்பா உட்காரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு ஒல்லியான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஐயரிடம், சீக்கிரம் என்பது போலத் தலையை அசைத்தார். ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். சபை சொல்ல வேண்டிய பதில்களை, புத்தகம் இல்லாமல், அந்த மனிதர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த வார்த்தைகள் அல்ல. ஜெபப் புத்தகத்தைத் திருத்துவதற்கு முன்னால் இருந்த பழைய வார்த்தைகள். ஐயர் தன் புத்தகத்தை மூடிவிட்டு அவருக்குத் தகுந்தபடி பழையதையே சொல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்கு அந்தப் பழைய பதில்கள் தெரியவில்லை. வாயை மட்டும் அசைத்தார்.

ஐயர் அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை இரண்டு கட்டைவிரலாலும் பிட்டார். ஒரு பாதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் நீட்டினார்.

"புடி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எதையும் அவளுக்குப் பாதி கொடுக்காமல் தின்று பழக்கமில்லாத மனிதர் போலிருந்தது. அக்கா வாங்காமல் ஐயரைப் பார்த்தாள். ஐயர் ரசம் இருந்த குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது என்னவோ திறக்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் தொங்கிய டேனரி காலண்டரில் தேதி பார்த்தார். என்னை இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் அவர் தன் பாதியைப் போட்டுக்கொண்டார். விழுங்க ரொம்ப நேரம் ஆனது. அம்மா தொண்டையை நீவிவிட்டார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஐயர் கேட்டார்.

"செக்ரட்டரி, உள்ள நடந்தது எதுனா கமிட்டில வெக்கணுமா?"

"இன்னா நடந்துச்சு ஐயா? நான் ஒண்ணும் பாக்கலியே" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனதும் அன்றுதான்.

பத்து நாள் கழித்து அந்த மனிதர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, குழி தோண்டும்போது தானே போய் நின்றார். அக்கா அதன்பிறகும் நம் கோயிலுக்கு வந்தாள், ஞானஸ்நானம் எடுத்தாள். உங்களில் பலருக்கு அவளைப் பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவாகத்தான் தெரியும். என்னிடம் அந்த முந்தானை விஷயத்தைக் கடைசிவரை அவள் பேசவில்லை. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்பம் கொடுத்த அன்று சாயங்காலம் அம்மா அங்கேயே தங்கிவிட்டார். ஐயர் ஸ்கூட்டரில் போய்விட்டார். நானும் அப்பாவும் நடந்து வந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று காட்பாடிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. அந்தச் சத்தத்தில் காதில் விழாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

"அப்பா, அப்பத்தை எடுத்துனு போலாம்னு நான்தான் சொன்னேன்."

கடைசிப் பெட்டியும் போனது. கேட்டைத் தூக்கினார்கள்.

"தெரியும்" என்றார் அப்பா.

"எப்படிப்பா?"

"யார் சொன்னாங்கன்னு கேட்டப்ப அந்தம்மா எல்லார் மூஞ்சியையும் பாத்துச்சு. உன்னை மட்டும் பாக்கல."

அடி விழவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அப்பா என் கையைப் பிடித்துத் தண்டவாளத்தைத் தாண்ட வைத்தார். அவர் சொன்னது என்ன என்று எனக்கு உறைக்க அதன்பிறகு இருபது வருடம் ஆனது. அத்தனை பேர் முன்னால் அவளிடம் அவுத்துக் குடு என்று சொன்னபோதே அவருக்குத் தெரியும்.